மூலக் குரல்

வாரியத்திலிருந்து முதல் அறிவிப்பு வந்த அன்று காலை குஞ்சிதபாதம் மொட்டை மாடியில் நின்று, ஆன்டெனாக் கம்பத்தை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பம் முப்பதடிக்கு மேல் கூடாது என்பது விதி. அவருடையது இருபத்தொன்பதே முக்கால் அடி. சாய்ந்தால் அடுத்த வீட்டு ஓட்டின் மேல் விழக்கூடாது, மின்கம்பிக்கு அருகில் போகக்கூடாது, அடியில் செம்புத் தகடு ஈர மண்ணில் ஆறடி ஆழத்தில் கிடக்க வேண்டும். எல்லாம் அப்படியே இருந்தன. வேதாரணியத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக் கம்பங்களில் ஒன்றைக்கூட அதற்கு ஈடு சொல்ல முடியாது.

"ஏங்க, வாரியத்துலேர்ந்து கடுதாசி வந்துருக்கு" என்று கீழேயிருந்து அகிலாண்டம் குரல் கொடுத்தாள். "செவப்புக் கோடு போட்டிருக்கு."

"நம்ம வீட்டுக்கு இருக்காது. விலாசத்தைச் சரியாப் பாரு."

"பாத்துட்டுத்தான் கூப்புடுறேன்."

அவர் இறங்கி வந்தார். நின்றபடியே படித்தார். முதல் எண் முத்திரையைப் பயன்படுத்தி அடுத்தவர் செய்திகளைக் கடத்தியது விதி மீறல் என்றும், இப்படி மூன்று முறை நடந்தால் முத்திரை பறிக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. கடிதத்தை மடித்து மேசை மேல் வைத்து, அதன் மேல் ஒரு கனத்த புத்தகத்தையும் வைத்தார், காற்றில் பறந்து யார் கண்ணிலாவது பட்டுவிடப்போகிறது என்பதுபோல.

சூரியன் ஒரு முறை சீறியதில் வானத்துச் செயற்கைக் கோள்கள் செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. கைப்பேசிகள் பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விட்டன. மிஞ்சியது வயர்லெஸ் செட்டு ஒன்றுதான். ஆனால் அலைவரிசை ஒற்றையடிப் பாதை. நூறு பேர் ஒரே நேரத்தில் அதில் நடக்க முடியாது. ஆகவே அலை வாரியம் உப்பளத்தின் நடுவில் ஒரு டவரை நட்டு அதற்குக் காதும் வைத்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் தலைவருடைய குரலைப் பதிவு செய்து டவருக்கு ஊட்டினார்கள். அதற்கு மூலக் குரல் என்று பெயர். அந்தக் குரலின் மேல் அந்தக் குடும்பத்துக்கு ஒரு முத்திரை. அவர் பெற்ற பிள்ளைகள் பேசினால் தொண்டையின் அமைப்பை வைத்து டவர் இனம் கண்டுகொள்ளும். செட்டில் பச்சை விளக்கு எரியும். பேச்சு ஐம்பது மைல் போகும், அங்கங்கே உள்ள டவர்கள் அதை வாங்கி இன்னும் தூரத்துக்குக் கடத்தும். வீட்டுக்கு வந்த மருமகள்களைக் கையெழுத்துப் போட்டுச் சேர்க்க வேண்டும். அன்னியர் வாய் வைத்தால் சிவப்பு விளக்கு. டவரின் தயவில்லாத பேச்சு இரண்டு தெருவுக்கு மேல் கேட்காது. அடுத்தவர் பேசுவதைக் கேட்க மட்டும் தடை இல்லை.

முதல் எண் முத்திரை குஞ்சிதபாதத்தின் தகப்பனார் அம்பலவாணருக்குக் கொடுக்கப்பட்டது. ஊரெல்லாம் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்த காலத்தில் கம்பியும் கொட்டாங்கச்சியுமாக மாடியில் கிடந்து கண்காணாத தேசத்துக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தவர் அவர். அப்போது சிரித்தவர்கள், சூரியன் சீறிய மறுநாள் அவர் வாசலில் வந்து நின்றார்கள். ஊர் மண்டபத்தில் இன்றைக்கும் அவர் படம் இருக்கிறது. சொல் சுத்தம், நடத்தை சுத்தம் என்று பெரியவர்கள் எழுந்து நின்று பேசும் பெயர் அது.

முதல் முத்திரைக்கு ஒரு கடமை உண்டு. தினமும் காலை ஆறு மணிக்கு ஊர் வீடுகளைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் பத்து வினாடி. பதில் வராத வீட்டுக் கதவை அடுத்த வீட்டுக்காரர் போய்த் தட்டிப் பார்க்க வேண்டும். தகப்பனார் காலமான ஒன்பது வருஷமாகக் குஞ்சிதபாதம் குளித்து, திருநீறு பூசி, தோய்த்து உலர்த்திய சட்டை போட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "மேலவீதி, அம்பலவாணர் வீடு. கேட்கிறோம்" என்று தொடங்குவார். ஒரு நாள் தவறியதில்லை. ஒரு விதி மீறியதில்லை. விதிப் புத்தகத்தை எழுதியதே அந்த வீட்டுக் கூடத்தில்தான். அதில் பதினாலாம் விதி முழுக்க அவர் வாக்கியம்.

இரண்டாவது அறிவிப்பை வாரியத்து ஆய்வாளர் ஜுலைகா நேரிலேயே கொண்டுவந்தாள். நாகூர்க்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, கொடுத்த மோரைக் குடித்து முடிக்கும்வரை விஷயத்துக்கு வரவில்லை.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்க முத்திரையில வேற யாரோ பேசுறாங்க."

"என் செட்டை நானும் இவளும் தவிர ஒருத்தரும் தொடுறதில்லை."

"உங்க செட்டு இல்லை. வேற செட்டு. டவர் தொறக்குது."

"அப்ப டவர் தப்பாக் கேட்டிருக்கும்."

"டவர் தப்பாக் கேக்காதுன்னு வடக்கு வீதிப் பங்காளிங்க தகராறுல நீங்கதானே சொன்னீங்க?"

அது உண்மை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே முத்திரைக்கு இரண்டு கட்சி உரிமை கேட்டு வந்தது. ஒருவரை ஒருவர் எங்கள் குடும்பமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பதினாலாம் விதிப்படி, மூலக் குரலுக்கு எந்தக் குரல் கிட்டத்தில் இருக்கிறதோ அதற்கே முத்திரை என்று தீர்ந்தது. தோற்றவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊமையாகி ஊரை விட்டே போனான். "மனுஷன் பொய் சொல்லுவான், தொண்டை சொல்லாது" என்று அன்றைக்குக் குஞ்சிதபாதம் சபையில் சொன்னதை எல்லோரும் மெச்சினார்கள்.

"திருடன்தான்" என்றார் அவர். "அப்பா குரலை எங்கேயோ பிடிச்சு வச்சுக்கிட்டு ஓட்டுறான். நானே கண்டுபிடிக்கிறேன்."

ஜுலைகா டம்ளரைக் கீழே வைத்தாள். "மூணாவது அறிவிப்பு வந்தா எனக்கு வழி கெடையாதுங்க. அதுக்குள்ள பாருங்க."

மறுநாள் காலையிலேயே அவர் தகப்பனாரின் வளைய ஆன்டெனாவைப் பரணிலிருந்து இறக்கினார். மரச்சட்டத்தில் கம்பி சுற்றிய முறம் போன்ற சாமான் அது. வளையத்தின் முகத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் எந்தத் திசையில் குரல் மங்குகிறதோ அந்தத் திசையில் ஆள் இருக்கிறான் என்று பொருள். குரல் ஓங்கும் இடத்தை வைத்துப் பிடிக்க முடியாது, ஓயும் இடத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மாடியில் ஒரு முறை, அதற்கடுத்த நாள் கிழக்கே உப்பு மேட்டில் ஒரு முறை என்று பார்த்து, வரைபடத்தில் இரண்டு கோடு கிழித்து, அவை வெட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பது அவர் திட்டம்.

மாடியில் ஏழே கால் மணிக்குக் குரல் வந்தது.

"டாக்டரம்மா, உப்பாத்தங்கரைலேர்ந்து பேசுறேங்க. அந்தப் பொண்ணுக்கு இடுப்பு வலி கண்டுருச்சு. ஜீப்ப அனுப்புங்க, பாலத்துல நிக்கிறோம்."

குஞ்சிதபாதம் வளையத்தைத் திருப்ப மறந்து நின்றார். பேச்சு உப்பளத்துப் பேச்சு. தொண்டை அம்பலவாணருடையது. வாக்கியத்தின் நடுவில் ஒரு சின்ன மூச்சைப் பிடித்து விடும் அந்தப் பழக்கம்கூட இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் சிதையில் வைத்த குரல் பிரசவ ஜீப் கேட்டுக்கொண்டிருந்தது.

பதிவு செய்து ஓட்டுகிற குரல் டாக்டரம்மாவுக்குப் பதில் சொல்லாது. அது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் குரல் டாக்டரம்மாவுக்குப் பதில் சொல்லும்போதே வளையத்தைத் திருப்பி முதல் கோட்டையும், மறுநாள் உப்பு மேட்டுக்குப் போய் இரண்டாவது கோட்டையும் கிழித்தார்.

உப்பாத்தங்கரையில் நாற்பது வீடு. எல்லாம் உப்பளக் கூலிகள். முத்திரை கொடுத்த காலத்தில் அவர்களில் ஒருவரிடமும் செட்டு கிடையாது. செட்டு இல்லாதவருக்கு முத்திரை கிடையாது என்று விதி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த குஞ்சிதபாதம் கடைசிக் குடிசையின் முன் நின்றார். பழைய தோணிப் பாய்மரம் ஒன்றை நட்டு, அதன் உச்சியிலிருந்து செப்புக் கம்பி இரண்டு பக்கமும் சாய்ந்து இறங்கியது. முனைகளில் கொட்டாங்கச்சித் துண்டுகள். மெழுகில் ஊறவைத்து, இரண்டு துளை போட்டு, கம்பியை ஒரு வழியாக விட்டு மறு வழியாகத் திருகிக் கட்டியது. உலகத்தில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. அவர் வீட்டு மாடியில் அப்படித்தான் கட்டியிருக்கிறது.

கூரைக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வந்தார். உப்பு அரித்த பாதம், நரைத்த மார்பு. நெற்றி மட்டும் மண்டபத்துப் படத்திலிருந்து எடுத்து வைத்த நெற்றி.

"வாங்க தம்பி. சைக்கிள நெழல்ல விடுங்க, இந்த வெயிலுக்கு டயரு வெடிச்சுரும்."

"யாருக்கு யாரு தம்பி?"

"வயசுல சின்னவங்கள அப்படிக் கூப்புடுறதுதான். தப்புன்னா விட்டுர்றேன்."

"உன் பேரு என்ன?"

"தாயுமானவன்."

குஞ்சிதபாதத்தின் பாட்டனார் பெயர் அது. அவர்கள் குடும்பத்தில் மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது ஏழு தலைமுறையாக மாறாத வழக்கம். தனக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். சிதம்பரத்துக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை நீ, அதனால் நடராசர் பெயர் என்றாள். அதை அறுபது வருஷம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறார்.

"வயசு?"

"எழுவத்தொண்ணு."

குஞ்சிதபாதத்துக்கு அறுபத்தெட்டு.

"எத்தனை நாளா நடக்குது இந்தத் திருட்டு?" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"திருட்டுன்னா திருட்டுதான். போன தைல ஒரு போட்டுக்காரரு பழைய செட்டு ஒண்ண விட்டுட்டுப் போனாரு. சும்மா அமுக்கிப் பாத்தேன். பச்சை எரிஞ்சுது. எல்லாருக்கும் எரியும்னுல்ல நெனச்சேன்? பக்கத்து வீட்டுக்காரன் அமுக்கினான், செவப்பு. அவன் பொண்டாட்டி, செவப்பு. நாப்பது வூட்டுலயும் ஒவ்வொருத்தரா வந்து அமுக்கிப் பாத்தாங்க, கோயில்ல மணியடிக்கிற மாதிரி. எல்லாம் செவப்பு. அப்பந்தான் வெளங்குச்சு." அவர் சிரித்தார். "அய்யா போறப்ப சொல்லிட்டுப் போனாரு, ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்காதேன்னு. நானும் தொறக்கல. எங்காத்தா எரியுறப்பகூடத் தொறக்கல. அந்த டவருதான் சொல்லிருச்சு."

"நிறுத்திடு. இன்னையோட செட்டைத் தூக்கிக் கடல்ல போடு. நான் வாரியத்துல பேசி இதை இதோட முடிச்சுர்றேன்."

"முடியாதுங்க."

"என்ன முடியாது?"

"நாப்பது வூட்டுக்கும் வாய் இது ஒண்ணுதான். பாம்பு கடிச்சா, கடல் பொங்குனா, புள்ளப் பேறுன்னா, எங்கிட்ட ஓடியாந்து சொல்லுவாங்க, நான் பேசுவேன். முந்தாநேத்து பொறந்துச்சே, பொட்டப்புள்ள, அதப் போயிப் பாருங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடின்னா அது இல்ல." அவர் கையைக் கட்டிக்கொண்டார். "எனக்குப் புள்ள குட்டி கெடையாது. வூட்டுல பங்கு வேணாம். அவரு பேர எங்கயும் சொல்ல வேணாம். வாரியத்து அம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க, காயிதம் ஒண்ணு கொண்டாருவாங்களாம், இவன் எங்க குடும்பமான்னு கேப்பாங்களாம். அதுல ஆமான்னு ஒரு வார்த்த. அம்புட்டுத்தான் தம்பி."

குஞ்சிதபாதம் சைக்கிளைத் திருப்பினார்.

ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையின் பின்னால் என்னென்ன வரும் என்று விதி எழுதியவருக்குத் தெரியாதா? முத்திரையில் புதிதாகச் சேருகிறவர் பெயரும் உறவும் வாரியத்துக் கதவில் முப்பது நாள் ஒட்டப்படும். அதற்கு மேல், காலை அழைப்பில் முதல் முத்திரைக்காரர் தன் வாயால் அதை ஊருக்குப் படிக்க வேண்டும். 'அண்ணன், தாயுமானவன், உப்பாத்தங்கரை.' இருநூற்றுப் பன்னிரண்டு வீடும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும். மண்டபத்துப் படம் அதற்கப்புறம் படமாக இருக்குமா?

வீட்டுக்கு வந்து அகிலாண்டத்திடம் பாதி சொன்னார். மீதியை அவள் சொன்னாள்.

"அவர் அம்மாவுக்குக் கோமளவல்லின்னு பேரு. உப்பு அள்ளுறவ. நெத்தியில பெரிசாப் பொட்டு வச்சிருப்பாளாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கம்மா சொன்னாங்க. கடைசியாப் படுத்திருந்தப்ப. 'அவன்கிட்ட சொல்லிடாதே, தாங்க மாட்டான்'னாங்க."

"இருபத்தாறு வருஷமா என்கிட்ட மறைச்சிருக்கே."

"மறைக்கலைங்க. நீங்க தாங்க மாட்டீங்கன்னாங்க. சரியாத்தானே சொல்லியிருக்காங்க?" அவள் முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேசினாள். "ஆமான்னு எழுதிக் குடுங்க. உங்கம்மாவே அந்தப் பையனுக்குத் தீபாவளிக்குத் துணி அனுப்பியிருக்காங்க. அவங்களுக்கில்லாத மானமா உங்களுக்கு?"

"அவங்க அனுப்பினது யாருக்கும் தெரியாது. இது ஊருக்குத் தெரியும்."

"அதான் விஷயமா?" என்றாள் அவள். பிறகு அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

மூன்றாவது அறிவிப்பு வருவதற்கு முன்பே விசாரணை வாரியத்து அலுவலகத்தில் நடந்தது. தாயுமானவன் வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. குஞ்சிதபாதம் உட்கார்ந்திருந்தார்.

ஜுலைகா தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆமான்னு எழுதினா, இவர் உங்க முத்திரையில சேர்ந்துருவார். பழைய மீறல் எல்லாம் தள்ளுபடி. உப்பாத்தங்கரைக்கும் ஒரு வழி பொறக்கும். இல்லேன்னு எழுதினா, பதினாலாம் விதிதான்."

"எனக்கே பதினாலாம் விதி சொல்றியா? எழுதினவன் நான்."

"எழுதினவங்களும் ஒரு தடவை படிச்சுப் பாக்கலாம்ங்க. புத்தகம் இங்கேயே இருக்கு."

அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. தன் பேனாவை எடுத்தார். தகப்பனார் கொடுத்த பேனா. நிதானமாக, எழுத்து எழுத்தாக எழுதினார்: 'மேற்படி நபர் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. என் தகப்பனார் அம்பலவாணருக்கு நான் ஒருவனே மகன்.' முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டார்.

தாயுமானவனுக்குப் படிக்கத் தெரியும். நின்ற இடத்திலிருந்தே படித்தார்.

"ஐயா, ஒரே ஒரு நிமிஷம். நான் சொல்றதை..." என்று ஆரம்பித்தாள் ஜுலைகா.

"மை காயட்டும். அப்புறம் மடி" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வாசலில் அவர் சைக்கிளை எடுக்கும்போது தாயுமானவன் பின்னாலேயே வந்தார். பின் சக்கரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"காத்து கம்மியா இருக்கு. பாத்துப் போங்க ஐயா."

தம்பி என்று சொல்லவில்லை. குஞ்சிதபாதம் கேட்டதும் அதைத்தானே? ஆனாலும் வழியெல்லாம் அந்த 'ஐயா' செருப்பில் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது.

முதல் தேதியிலிருந்து உத்தரவு அமலுக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று காலை குஞ்சிதபாதம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் குளித்தார். பட்டையாகத் திருநீறு பூசினார். நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுப் பட்டியலை விரித்து, ஆறு மணி அடித்ததும் மைக்கை எடுத்து அழுத்தினார்.

"மேலவீதி, அம்பலவாணர் வீடு..."

சிவப்பு.

விட்டு மறுபடி அழுத்தினார். சிவப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். பாட்டரியைக் கழற்றி மாட்டினார். ஆன்டெனா ஒயரைத் திருகிப் பார்த்தார். விளக்கு சின்னக் குங்குமப் பொட்டுப்போல அசையாமல் எரிந்தது.

"நீ பேசு" என்று மைக்கை அகிலாண்டத்திடம் நீட்டினார். அவள் பேசினாள். அவர் கையெழுத்தில் சேர்ந்தவள் அவள். அவளுக்கும் சிவப்பு.

ஆறு மணி நான்கு நிமிஷத்துக்குச் செட்டு தானாகப் பேசியது.

"உப்பாத்தங்கரை..." ஒரு சின்ன மூச்சு. "அம்பலவாணர் வீடு. கேட்கிறோம்."

யாரோ பக்கத்தில் இருந்து பட்டியலை எடுத்துக் கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு எழுத்துக்கூட்டினாற்போல வீட்டுப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"வடக்கு வீதி, சிவக்கொழுந்து வீடு?"

"இருக்கோம் ஐயா!" சிவக்கொழுந்து உற்சாகமாகச் சொன்னார். "என்ன, இன்னிக்குக் குரல் இவ்வளவு தெளிஞ்சிருக்கு? கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா பெரியவரே பேசுற மாதிரி இருக்கே!"

குஞ்சிதபாதம் பட்டியலை மடித்தார். மடித்த தாளை மறுபடி மடித்தார்.

ஜுலைகா பத்து மணிக்கு வந்தாள். இந்தத் தடவை மோர் கொடுக்கப்படவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

"மூலக் குரலோட நூத்துக்கு எழுபத்தஞ்சு பங்கு பொருந்தினாப் போதும், டவர் பச்சை காட்டிரும். அதனாலதான் இத்தனை நாள் ரெண்டு பேருக்கும் எரிஞ்சுது. ஒரே குடும்பம் இல்லேன்னு எழுத்துல ஆகிட்டா, மூலக் குரலுக்கு யார் கிட்டயோ அவங்களுக்குத்தான். அவர் தொண்ணூத்தாறு." அவள் தயங்கினாள். "நீங்க எண்பத்தொண்ணு. உங்களுக்கு உங்கம்மா தொண்டைங்க."

அவர் மடித்த பட்டியலை மேசை மேல் வைத்தார்.

"அன்னைக்கே இதை நான் சொல்லத்தான் வந்தேன். மை காயட்டும்னீங்க."

"அப்ப, முதல் முத்திரை..."

"எண்ணு, பேரு, காலை அழைப்பு, எல்லாம் சேர்த்துத்தான். இனிமே அவர் விதி மீறல. சொந்த முத்திரையில சொந்த ஊருக்குப் பேசுறார்." அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். "நேத்து முத்திரைச் சான்றிதழைக் கொடுக்கப் போனேன். அதை வாங்கிக்கிறதுக்கு முன்னாடி இந்தத் தாளைக் கேட்டார். ஆள் சேர்க்கிற தாள். அவர் பக்கத்தை முடிச்சுட்டார்."

தாளில் பெரிய, கோணல்மாணலான எழுத்து. பெயர்: குஞ்சிதபாதம். ஊர்: மேலவீதி. உறவு: தம்பி. கீழே தாயுமானவன் என்று கையெழுத்து. அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.

"உங்க பழைய வாக்குமூலத்தை வாபஸ் வாங்கி, இங்க ஒரு கையெழுத்து. நாளைக் காலையில உங்களுக்குப் பச்சை எரியும். கெடு ஒண்ணும் இல்லைங்க. எப்ப வேணா போடலாம்."

அவள் போன பிறகு அகிலாண்டம் அந்தத் தாளின் அருகில் பேனாவைக் கொண்டுவந்து வைத்தாள். "ஞாயித்துக்கெழமை கோயம்புத்தூர்லேர்ந்து பையன் கூப்புடுவான்" என்றாள். "எட்டு மணிக்கு. நாம பதில் சொல்லலைன்னா பயந்துடுவான்."

"கடிதம் எழுதிக்கலாம்."

"பேத்தி படிக்கவா போறா? ரெண்டு வயசு அவளுக்கு. என் குரலக் கேட்டாத்தான் சிரிப்பா."

அவர் தாளை எடுத்தார். ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது. அவர் அதை நான்காக மடித்து, செட்டின் பக்கத்திலிருந்த நாட்குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். அலையில் கேட்டது, பேசியது அனைத்தையும் நேரம் போட்டு எழுத வேண்டும் என்பது விதி. இருபத்திரண்டு வருஷத்து நாட்குறிப்பு அந்த வீட்டில் ஒரு நாள் விடாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மகன் கூப்பிட்டான். அம்மா, அப்பா, அம்மா என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டான். அகிலாண்டம் மைக்கை அழுத்தாமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு விஷயம் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. எதை மறைக்க வேண்டி அவர் எழுதிக் கொடுத்தாரோ அது, எழுதிக் கொடுத்ததனாலேயே, இரண்டு மடங்காகத் தெரிந்தது. பெரியவருக்கு உப்பளத்தில் ஒரு பிள்ளை உண்டு என்பது ஒரு மடங்கு. அதற்கு ஊர் பெரிதாக ஒன்றும் ஆடிவிடவில்லை. மண்டபத்துப் படத்தையும் யாரும் இறக்கவில்லை. கூடப் பிறந்தவனை இல்லை என்று எழுதிக் கொடுத்தான் என்பது மறு மடங்கு. அதைத்தான் கடைத்தெருவில் நின்று பேசினார்கள்.

இப்போதும் அவர் ஆறு மணிக்குள் குளித்து, திருநீறு பூசி, தோய்த்த சட்டையில் அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறார். மைக்கைத் தொடுவதில்லை. தாயுமானவன் இப்போது தடுமாறாமல் படிக்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், அவற்றோடு பட்டியலில் புதிதாகச் சேர்ந்த உப்பாத்தங்கரை நாற்பது குடிசை. எல்லாம் முடிந்த பிறகு அந்தக் குரல் ஒரு மூச்சைப் பிடித்து விடும்.

"மேலவீதி, குஞ்சிதபாதம் வீடு?"

முத்திரை இழந்த வீடு பட்டியலில் கிடையாது. ஆனாலும் தினமும் கூப்பிடுகிறார். கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறார். செட்டில் வெறும் இரைச்சல், உப்பளத்துக் காற்றின் இரைச்சல் மட்டும் வரும். சற்று நேரத்தில் அடுத்த வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். "இருக்கோம்" என்பாள் அகிலாண்டம் உள்ளேயிருந்து.

அன்றும் குஞ்சிதபாதம் கடிகாரத்தைப் பார்த்து வினாடிகளை எண்ணினார். கதவு தட்டும் சத்தம் ஓய்ந்த பிறகு நாட்குறிப்பைத் திறந்தார். நான்காக மடித்த தாளை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, தேதி போட்டு, நேரம் போட்டு, தகப்பனாரின் பேனாவால் எழுதினார்:

'பட்டியலில் இல்லாத வீட்டை அழைத்தது. காத்திருந்தது இருபது வினாடி. பத்து வினாடி அதிகம். விதி மீறல்.'